பத்து தொவாகோக்கள்

— அப்போ கனாசாவாவிலே அந்தப் பூக்கடையே கிடையாதுங்கறீங்க.

— நான் அப்படிச் சொல்லலையே ஐயா. எனக்கு எதுவும் தெரியாதுன்னுதான் சொன்னேன்.

— நான் நேர்லேயே போய்ப் பார்த்துட்டேன் அம்மா. காலையிலே ஆறு ஐம்பத்தொண்ணு வண்டி. ரெண்டு இடத்துலே மாறினேன். பத்தே காலுக்கு இறங்கியாச்சு. கோயிலுக்குப் பின்னாடி மூணாவது சந்துன்னு போட்டிருந்தது. மூணாவது சந்துலே கார் நிறுத்தற இடம்தான் இருக்கு. நாலு கார் நின்னுது. பூ ஒண்ணும் இல்லே.

— கடையை மூடியிருப்பாங்க. இந்தக் காலத்துலே எந்தச் சின்னக் கடை நிக்குது, சொல்லுங்க.

— பக்கத்து வீட்டம்மா முப்பது வருஷமா அங்கேயே குடியிருக்காங்க. பூக்கடையா, இந்தத் தெருவிலேயான்னு சிரிச்சுட்டாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, உள்ளே கூப்பிட்டு ஒரு கப் தேநீர் குடுத்தாங்க.

— சரி. கனாசாவாவிலே இல்லாத பூக்கடைக்கு ஒசாகாவிலே வந்து என் கதவைத் தட்டினா எப்படி?

— அந்தக் கடையோட இணையப் பக்கத்துலே, அடியிலே ஒரு ஃபேக்ஸ் நம்பர் இருந்தது. ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் எடுத்துட்டீங்க. நான் அதுக்குள்ளே தாள்லே அச்செடுத்து வச்சுட்டேன். இந்தாங்க, பாருங்க. உங்க வாசல் பலகையிலேயும் இதே நம்பர்தான் இருக்கு. "தேடல் ஆலோசனை, மூன்றாம் மாடி."

— போச்சு. பதினாறு வருஷத் தொழில்லே ஒரே ஒரு நாள் கண்ணசந்தேன். அதையுமா பார்த்து வச்சீங்க?

— நான் தினமும் பார்க்கறேன் அம்மா. எழுந்ததும் இணையத்துலே என் மக பேரைத் தட்டித் தேடிப் பார்ப்பேன். குஜிராய் தொவாகோ. சாயங்காலம் இன்னொரு தடவை. எட்டு வருஷமா இதான் எனக்குச் சாமி கும்பிடறது.

— நீங்க தொவாகோவோட அப்பாவா?

— குஜிராய் சுனெமாசா. ஒகாயாமா. ரயில்வேயிலே முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகரா இருந்தேன். முன்னாலே சொல்லாம பேச ஆரம்பிச்சுட்டேன், மன்னிக்கணும். நீங்க நிஷிவாகி சிஜுருதானே? பலகையிலே பார்த்தேன்.

— நான்தான். வேற யாரும் இல்லே இங்கே. கூட வேலை பார்த்த ரெண்டு பேரும் போயாச்சு, இப்போ மெஷினே எழுதிக் குடுத்துடுதாம். உள்ளே வந்து உட்காருங்க. குடையை அந்த வாளியிலே வையுங்க, சொட்டுது. பார்லித் தேநீர்தான் இருக்கு. ஆறிப் போனது.

— உங்களுக்கு எதுக்குச் சிரமம். இது எங்க ஊர்த் தினை உருண்டை. ஸ்டேஷன் கடையிலே வாங்கினதுதான். முன்னெல்லாம் சம்சாரம் வீட்டிலேயே செய்வா. அவ போய் ஐம்பத்தாறு நாளாச்சு.

— ஐயோ. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு எல்லாம்…

— முடிஞ்சுது. சாம்பலை மட்டும் இன்னும் கல்லறையிலே வைக்கலே. வீட்டிலே அலமாரி மேலே இருக்கு. மகளும் கூட இருந்து வைக்கணும் பாருங்க.

— குடிங்க ஐயா. உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? "தொவாகோவைத் தேடுகிறோம்"னு ஒரு பக்கம் இருக்கே, அதைச் செஞ்சு குடுத்தது யாரு?

— நானேதான். எங்க ஊர் நூலகத்துலே வேலை பார்க்கற பொண்ணு சொல்லிக் குடுத்தா. பேரைத் தலைப்பிலே போடணும், போட்டோவுக்குக் கீழேயும் பேரை எழுதணும், தினமும் ஒரு வரியாவது புதுசாச் சேர்க்கணும். அப்புறம் மத்தவங்க பக்கத்துலேருந்து நம்ம பக்கத்தைக் கை காட்டணும்.

— லிங்க் குடுக்கறது.

— அதேதான். எங்க கடைத்தெருச் சங்கம் குடுத்தாங்க. கோயில்லே குடுத்தாங்க. ரயில்வே ஓய்வூதியக்காரங்க, ஆத்தங்கரை சுத்தம் பண்ற குழு, சலவைக்கடை, நாற்பத்துமூணு இடம் அம்மா. ஒவ்வொரு வாசல்லேயும் நின்னு, இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு வாங்கினது.

— நாற்பத்துமூணா! நான் சொல்றேன் கேளுங்க ஐயா, பெரிய பல் ஆஸ்பத்திரிக்கு இருபது தேத்தறதுக்குள்ளே எனக்கு நாக்குத் தள்ளிடும். அதுவும் விலைக்கு வாங்கின லிங்க். உங்களது அத்தனையும் அசல். தலைப்பும் அப்படி, படமும் அப்படி, தினமும் புதுசு வேற. அதைக் கீழே இறக்கறதுக்கு நான் பட்ட பாடு நாய் படாது…

— இறக்கினது நீங்கதான்.

— இந்த வாய் இருக்கே. என்னிக்கும் இதுதான் எனக்குச் சத்ரு.

— நான் சண்டை போட வரலே. எப்படிச் செஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஆறு வருஷமா என் பக்கம்தான் முதல்லே நின்னுது. போன வருஷம் செப்டம்பர்லே ரெண்டாவது. அக்டோபர்லே அஞ்சு. புது வருஷத்துக்குக் காணவே காணோம். தோண்டிப் பார்த்தா ரெண்டாம் பக்கத்து அடியிலே கிடக்கு.

— முதல் பக்கம் கடைத்தெரு ஐயா. ரெண்டாம் பக்கம் வெறும் காடு. அங்கே வரைக்கும் யாரும் நடக்க மாட்டாங்க. உங்க பக்கத்தை என்னாலே அழிக்க முடியாது, அது உங்க சொத்து. அதுக்கு மேலே பத்துப் பக்கத்தை ஏத்தி உட்கார வச்சா, அது தானா காட்டுக்குப் போயிடும். ஆனா குஜிராய்ங்கற பேரே நாட்டுலே கொஞ்சம். அதுலே தொவாகோ ஒரே ஒருத்தி. மேலே ஏத்தறதுக்குப் பத்துக்கு எங்கே போறது? அதனாலே…

— அதனாலே?

— நானே பெத்தேன். பூக்கடைத் தொவாகோ. மாரத்தான் தொவாகோ. பியானோவுக்குச் சுருதி சேர்க்கற தொவாகோ. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு ஊரு. வாரா வாரம் ஏதாவது புதுச் செய்தி. பியானோக்காரி பூக்கடைக்காரியைப் புகழ்ந்து ஒரு லிங்க் குடுப்பா. பூக்கடைக்காரி ரொட்டிக் கடைக்காரிக்குக் குடுப்பா. அக்கா தங்கச்சி மாதிரி ஒருத்தியை ஒருத்தி தூக்கி விட்டுக்கிட்டே மேலே ஏறினாங்க.

— மியாசாகிக்கும் போயிருந்தோம்.

— எங்கே?

— மாரத்தானுக்கு. முப்பத்தெட்டு வயசு, நாலு மணி பதினேழு நிமிஷம், இந்த வருஷமும் ஓடுவேன்னு எழுதியிருந்தா. எழுதியிருந்தீங்க. என் மக சின்ன வயசுலே நல்லா ஓடுவா. அவதான்னு அடிச்சுச் சொன்னேன். சம்சாரத்தைச் சக்கர நாற்காலியிலே வச்சு, முடியற கோட்டுக்குப் பக்கத்துலே காலையிலேருந்து நின்னோம். தூறல் வேற. கடைசி ஆள் வந்தாச்சு, கயிறைச் சுருட்டிட்டாங்க. போயிடலாம் வாங்க, விட்டுடுங்கன்னா அவ. அதுதான் அவ வெளியூர் போன கடைசிப் பயணம்.

— நாலு மணி பதினேழு நிமிஷம். அதை நான் இந்தச் சோபாவிலே படுத்து, அவிச்ச சோயா மொச்சையை உரிச்சுத் தின்னுக்கிட்டே எழுதினேன் ஐயா. ரொம்ப வேகமாவும் இருக்கக் கூடாது, நம்ப மாட்டாங்கன்னு யோசிச்சு எழுதினேன்.

— நல்லா எழுதியிருந்தீங்க. முழங்கால் வலின்னு ஒரு வரி வரும். என் சம்சாரம் அதைப் படிச்சுட்டுத் தைலம் வாங்கி வச்சிருந்தா.

— போதும் ஐயா. சொல்லாதீங்க.

— செய்யச் சொன்னது யாரு?

— அதை மட்டும் கேக்காதீங்க. எங்க தொழில்லே மிச்சம் இருக்கற மானம் அது ஒண்ணுதான்.

— தொவாகோதானே? அவளை மறைக்கணும்னு வேற யாருக்கு அம்மா தோணும்? நான் வேற எதுவும் கேக்கலே. உயிரோட இருக்காளா, இல்லையா? அலமாரி முன்னாடி போய் உட்கார்ந்து சம்சாரத்துகிட்டே சொல்லணும். தலையை ஆட்டினாக்கூடப் போதும்.

— இருக்காங்க.

— இருக்கா.

— இருக்காங்க ஐயா. நல்லா இருக்காங்க. நான் பார்த்ததில்லே, மெயில்லேதான் பேச்சு. ரெண்டு வரிக்கு மேலே எழுத மாட்டாங்க. போன் பண்ணாதீங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டேன், பழைய விஷயம்னாங்க. கல்யாணம் கில்யாணம் பேசறாங்க போல, ஊரெல்லாம் போட்டோ தொங்குதேன்னு கூச்சப்படறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். துடைச்சுக்குங்க. இந்தாங்க, துண்டு.

— சுத்தமான துண்டு. அழுக்காக்கிட்டேன்.

— துண்டு கிடக்குது. அவங்க ஏன் ஐயா வீட்டை விட்டுப் போனாங்க?

— கண்டிப்பா வளர்த்தேன். ஆறு பன்னிரண்டு வண்டியிலே வரணும்னா ஆறு பன்னிரண்டுதான். ஒருநாள் எட்டரைக்கு வந்தா. கேட்டா எதிர்த்துப் பேசறா. கோவத்துலே முடியைப் பிடிச்சு, கத்தரிக்கோலை எடுத்து வெட்டிட்டேன். முடிதானே அம்மா, வளர்ற சாமான். பெத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

— அப்போ அவங்களுக்கு என்ன வயசு?

— முப்பது.

— முப்பதா?

— கல்யாணம் ஆகாத பொண்ணு. அப்பன் வீட்டிலே இருக்கறவ.

— எங்கப்பாவும் இதே அச்சுதான். தொத்தோரியிலே நண்டு அவிக்கற பட்டறை வச்சிருந்தார். ஒருநாள் யார்கூடடி பேசறேன்னு என் கைப்பேசியைப் பிடுங்கிக் கொதிக்கற நண்டுப் பானையிலே போட்டுட்டார். அந்த மாசமே நான் ஒசாகாவுக்கு ஓடி வந்துட்டேன்.

— இப்போ எப்படி இருக்கார்?

— போயிட்டார். கடைசி மூணு வருஷம் அவர் போன் பண்ணினா நான் எடுக்கலே. அப்புறம் எடுப்போம், கொஞ்ச நாள் தவிக்கட்டும்னு இருந்தேன். பட்டறையைக் காலி பண்ணப் போனப்போ சுவத்துலே மீனவர் சங்கத்துக் காலண்டர் தொங்குச்சு. நான் போன் எடுக்காத நாளுக்கெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். நண்டுப் பெட்டிக்குக் குறி போடற மை, பழுப்பா இருந்துச்சு. மே மாசத்துலே மட்டும் பத்தொன்பது கோடு. சரி, கதையை விடுங்க. நீங்க ஏன் போலீசுக்குப் போகலே?

— போனேன். காணோம்னு எழுதிக் குடுத்த மனுவை வாங்கவே இல்லே. வார்டு ஆபீஸ்லே முகவரி கேட்டேன். பெத்த அப்பன், குடும்பப் பதிவேட்டைக் கையிலே வச்சுக்கிட்டுக் கேக்கறேன், குடுக்க முடியாதுன்னாங்க. காரணமும் சொல்ல முடியாதாம்.

— ஆபீஸ்னா அப்படித்தான். நான் வரி கட்டப் போனாக்கூட நாலு ஜன்னலுக்கு அலைய விடறாங்க.

— அதான் அம்மா, யாரையும் நம்பாம நானே கிளம்பிட்டேன். முதல் பக்கத்துலே இருக்கற பத்தையும் தாள்லே எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு ஊர் பார்த்தாச்சு. நாளைக்கு அகிதா, தையல் வகுப்பு. அப்புறம் செந்தாய், நாகானோ, பெப்பு. கூஷிரோ ரொம்பத் தூரம், ரயில்லே ரெண்டு நாள் ஆகும், அதைக் கடைசியிலே வச்சிருக்கேன். ஸ்டேஷன் படி ஏறினா முழங்கால்தான் விண்ணுன்னு தெறிக்குது.

— அலையாதீங்க ஐயா. எல்லாம் பொய்.

— பத்துமா?

— என்ன?

— பத்தும் பொய்யான்னு கேட்டேன்.

— ஏன் ஐயா இப்படிப் பார்க்கறீங்க?

— முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் இல்லாதவங்க முகத்தைப் பார்த்தவன் அம்மா நான். பழக்கம்.

— வெறும் பொய் நிக்காது. அதான் விஷயம். தேடற மெஷின் மோந்து பார்த்துடும். எட்டு மாசக் குழந்தைங்க மாதிரி ஒன்பது பக்கம், ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, ஒரே நாள்லே அத்தனையும் சரிஞ்சுடும். நடுவிலே ஒரு தூண் வேணும். பழைய பக்கம், ஊர்க்காரங்க தானா லிங்க் குடுத்த பக்கம். அதுலே மெய்யான தொவாகோவோட பேரு.

— அவ ஒத்துக்கிட்டாளா?

— மாட்டேன்னாங்க. பத்து நாள் பதிலே இல்லே. நான்தான் விடாம எழுதினேன். பத்து இலைக்கு நடுவிலே ஒரு இலை, யாருக்குத் தெரியப் போகுதுன்னு. கடைசியிலே சரின்னு ஒரு வார்த்தை வந்துச்சு.

— கெட்டிக்காரங்கதான் நீங்க. சரி அம்மா, நான் கிளம்பறேன். உங்க பொழைப்பைக் கெடுக்க வேண்டாம். இன்னும் அஞ்சு ஊர்தானே, மெதுவாப் போயிக்கறேன். மழைக்காலம் முடியறதுக்குள்ளே முடிச்சுடுவேன்.

— இந்த முழங்காலை வச்சுக்கிட்டா?

— என்ன பண்றது. சாம்பல் காத்திருக்கே.

— உட்காருங்க.

— வண்டி நாலு இருபதுக்கு.

— உட்காருங்கன்னு சொல்றேன்லே! அந்தத் தாள்களைக் குடுங்க இப்படி. இது கனாசாவா. நான் எழுதினது. கிழிச்சாச்சு. இது மியாசாகி. இந்தா, போச்சு. சிபாவிலே பூனை வளர்க்கறவ, கோச்சியிலே ரொட்டிக்கடை, நாராவிலே மலையேறறவ, எல்லாம் நான். அகிதா, தையல். எனக்கு ஊசியிலே நூல்கூடக் கோக்கத் தெரியாது ஐயா. செந்தாய் கணக்கு டீச்சர். நாகானோ பியானோ. பெப்பு விடுதி. எத்தனை ஆச்சு?

— ஒன்பது.

— பத்தாவது உங்க கையிலேயே இருக்கட்டும். நான் எதுவும் சொல்லலே. நீங்க எதுவும் கேக்கலே. நாளைக்கு அந்தப் பொண்ணு என்னைக் காறித் துப்பட்டும், வாங்கிக்கறேன். என் வீட்டுச் சுவத்துலே இன்னொரு காலண்டரைத் தொங்கவிட எனக்குத் தெம்பு இல்லே.

— கூஷிரோ. கால்நடை ஆஸ்பத்திரி. "குஜிராய் தொவாகோ, உதவியாளர். திங்கள், புதன், சனி. ஒன்பது மணி முதல் ஆறு வரை." நாய்னா அவளுக்கு உயிர்.

— பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்காங்க.

— இன்னிக்கு வெள்ளி. ரயில் வேண்டாம். கான்சாய்லேருந்து விமானத்துலே போனா நாளைக்கு மத்தியானமே அங்கே இருப்பேன்.

— அவசரப்படாதீங்க ஐயா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எட்டு வருஷம் கழிச்சுத் திடீர்னு கண் முன்னாடி போய் நின்னா மிரண்டுடுவாங்க. முதல்லே ஒரு கடிதம் போடுங்க. அம்மா போன செய்தியை மட்டும் எழுதுங்க. அவங்களே கிளம்பி வருவாங்க.

— கடிதமா? கடிதத்தைப் பார்த்தா அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடுவா அம்மா. மத்சுயாமாவிலே அப்படித்தான் பண்ணினா. அப்புறம் ஃபுகுயி, அப்புறம் தொயாமா. மூணு ஊர்லேயும் கதவு வரைக்கும் போய்ட்டேன், பின்பக்கமா ஓடிட்டா. அதனாலே என்ன, ஊருக்கு ஒருத்தராவது உங்களை மாதிரி மனசு இளகறவங்க இருக்கத்தான் இருக்காங்க.